அகமும் புறமும்: கடல் கடந்தவன் கதை

தமிழ் இலக்கணத்தார் மனித வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் இரு கூறாக வகுத்தனர். காதலும் இல்லறமும் அகம். போரும் அரசும் புறம். இக்கால அரசாங்கங்களும் தம் காரியங்களை ஏறத்தாழ இவ்வாறே பங்கிட்டுக் கொண்டுள்ளன. உள்நாட்டு அமைதியைக் காப்பது ஒரு மந்திரியின் பொறுப்பு. அந்நிய நாடுகளின் நட்பையும் பகையையும் கவனிப்பது மற்றொரு மந்திரியின் பொறுப்பு. பிறந்த ஊரிலேயே வாழ்ந்து மடிகின்றவனுக்கு இப்பாகுபாடு பொருந்தலாம். பிழைப்பை நாடிக் கடல் கடந்தவனுக்கு இது பொருந்துமா? அவனைப் பற்றிய ஒவ்வொரு விஷயமும் உள்நாட்டு விஷயமாகவும் வெளிநாட்டு விஷயமாகவும் ஒருங்கே இருக்கிறது. அவன் குடியிருக்கும் அறைக்குள்ளேயே இரு நாடுகளின் எல்லைக்கோடு ஓடுகிறது. நம் இலக்கியம் இதனைக் கண்டதா, கண்டதெனின் எவ்வளவு கண்டது என்று ஆராய்வதே நமது நோக்கம்.

ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொள்வது ப. சிங்காரம் எழுதிய இரு நாவல்கள். சிங்காரம் 1920 இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938 இல் சுமத்ராவின் மேடான் நகருக்குச் சென்று கடையில் வேலை பார்த்தவர். யுத்தத்தை நேரில் கண்டு, 1946 இல் தாயகம் திரும்பி, மதுரையில் பத்திரிகைப் பணி செய்து 1997 இல் காலமானவர். 'கடலுக்கு அப்பால்' 1959 லும், 'புயலிலே ஒரு தோணி' 1972 லும் வெளிவந்தன. இரண்டாம் நூலைத் தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றெனப் பலர் புகழ்கின்றனர். அப்புகழ் தகும். ஆயினும் நம் பொருளுக்கு முதல் நூலே கூர்மையானது என்பது நம் கருத்து.

'கடலுக்கு அப்பால்' நாவலின் நாயகன் செல்லையா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் வேலை பார்ப்பவன். யுத்தம் வருகிறது; இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். ஜப்பான் சரணடைந்து ராணுவம் கலைந்ததும் பழைய கடைக்கே திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதத்தின் மீது அவனுக்குக் காதல். அவளுக்கும் அவன் மீது காதல். ஆனால் தந்தை இசையவில்லை. துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேடு எழுதப் பணியாது என்பது அவருடைய எண்ணம். பெண் வேறொருவனுக்கு மணமுடிக்கப்படுகிறாள்.

கதை இவ்வளவே. இதில் வில்லன் எவனும் இல்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். லண்டனும் தோக்கியோவும் நடத்திய யுத்தம் பினாங்கில் ஒரு வீட்டின் சமையலறை வரையில் வந்து, இரு உள்ளங்களைப் பிரித்துவிட்டுப் போகிறது. எந்தச் சர்க்காரும் செல்லையாவின் திருமணத்தைத் தடுக்கவில்லை; தந்தையின் உள்ளத்திலே ஒரு சர்க்கார் அமர்ந்து அந்த வேலையைச் செய்துவிட்டது. அபாயத்துக்குரியவன் எவன் என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல் நிலையத்தோடு நில்லாமல் இல்லத்துக்குள்ளும் பரவுவதைச் சிங்காரம் ஆரவாரமின்றிக் காட்டிவிட்டார்.

'புயலிலே ஒரு தோணி' இதனிலும் பெரிய திரை. ஜப்பானியர் மேடானுக்குள் நுழைவதில் தொடங்கும் அக்கதையில், பாண்டியன் என்னும் இளைஞன் பிற தமிழ் வணிகரோடு தொங்கான் ஏறிப் புயலைக் கடந்து பினாங்கு சேர்கிறான், ராணுவத்தில் சேர்கிறான், பின்னர் இந்தோனேசிய விடுதலைப் போரிலும் கலக்கிறான், ஊர் திரும்பும் நினைவு உள்ளே எரிந்துகொண்டிருக்க, திரும்பாமலே மடிகிறான். வணிகனா, வீரனா, அகதியா, கலகக்காரனா? ஒவ்வோர் அதிகாரியும் அவனுக்கு ஒவ்வொரு பெயர் சூட்டக்கூடும். தன்னை அவன் எவ்வாறு அழைத்துக்கொள்வது என்பதே விடை காணாத வினாவாக நூல் முழுவதும் ஒலிக்கிறது.

புகழ்ந்தது போதும், இனிக் குறையையும் கூறுவோம். சிங்காரத்தின் உலகம் கடைத்தெருவின் உலகம். அதில் மேலாளும் அடுத்தாளும் உண்டு. தோட்டத்துப் பால்மரங்களுக்கிடையே நின்ற லட்சக்கணக்கானோருக்கு அங்கே இடம் குறைவு. பெண்களோ நினைவுகளாகவும் ஏக்கங்களாகவுமே பெரிதும் வருகின்றனர். ஆனால் எல்லைக்கோட்டின் முழுப் பாரத்தையும் சுமந்தவர்கள் தோட்டத்தார் அல்லரோ?

1941 ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலி தமக்கும் வேண்டும். துரைமாரைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் அவமானம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டனர். இவற்றுள் எது ராஜத்துரோகம்? ஆயினும் கிள்ளான் வட்டார இந்தியச் சங்கத்தின் தலைவர் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை பிறந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மலாயாவும் இந்தியாவும் அன்று ஒரே மன்னரின் குடைக்கீழ் இருந்தவை. அப்படியிருந்தும் கூலி கேட்டவன் ஒரே இரவில் அந்நியனாக்கப்பட்டான். கூலித் தகராறாக இருந்தது, அவன் கப்பலேறி வந்தவன் என்னும் ஒரே காரணத்தால், யுத்தகாலப் பாதுகாப்பு விஷயமாக மாறிற்று.

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1943 அக்டோபர் 21 இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரின் கேத்தே மாளிகையில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். அவருடைய படையில் துப்பாக்கி ஏந்தியவருள் தோட்டத் தமிழர் பலர். ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண்களும் இருந்தனர். நேற்றுச் சைக்கிளிலிருந்து இறங்கியவன் இன்று ஒரு சாம்ராஜ்யத்தின் பகைவன்! இந்த மாறுதலின் உள்ளத்தைத் திறந்து காட்டும் பெருநாவலைச் சிங்காரம் எழுதவில்லை. அது அவர் குற்றமன்று. தாம் அறிந்த உலகை அவர் எழுதினார். குறை நம் அனைவருடையதும் ஆகும்.

இவ்வனுபவம் நாதனோடு தொடங்கியதும் அன்று. 1915 பிப்ரவரி 15 இல் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் வடஇந்திய முஸ்லிம் வீரர்கள். துருக்கியரோடு போரிடத் தம்மை அனுப்புவார்கள் என்ற வதந்தியும், கடல் கடந்து வந்த கெதர் இயக்கத்தின் பிரசாரமும் அதில் சேர்ந்திருந்தன. கிளர்ச்சி அடங்கியபின் 47 பேர் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் நிகழ்ந்ததுதான் நம் பொருளுக்கு முக்கியம்: சிங்கப்பூரிலிருந்த இந்தியர் அனைவரும் தம்மைப் பதிவு செய்துகொள்ளும்படி உத்தரவாயிற்று. பாசறையை எட்டியும் பாராத தமிழ் வண்டிக்காரனும் கடைக்காரனும் வரிசையில் நின்றனர். தூரதேசத்து யுத்தம் அவர்களுடைய தோலின் நிறத்தின் வழியாக ஊருக்குள் வந்துவிட்டது.

பழங்கதை என்று எவரும் ஒதுக்க வேண்டா. நாம் இதை எழுதுவது செங்காங்கிலிருந்து. அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இப்பேட்டையில், தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவரின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று குடிமக்களாக வாழ்கின்றனர். ஊதா நிறப் பாதையில் ரயிலேறினால் ஒன்பதாவது நிலையம் லிட்டில் இந்தியா. ஞாயிறு மாலையில் அங்கே இறங்குகின்றவர் ஆயிரமாயிரம் தமிழ்நாட்டு, வங்கதேசத்துத் தொழிலாளரைக் காண்பர். இந்த ஒன்பது நிலையத் தூரத்தில் ஒரு தேச எல்லை இருக்கிறது.

2013 டிசம்பர் 8 அன்று ரேஸ்கோர்ஸ் சாலைச் சந்திப்பில் தனியார் பஸ் ஒன்றின் கீழ்ச் சிக்கி ஓர் இந்தியத் தொழிலாளி மாண்டார். நூற்றுக்கணக்கானோர் கலகத்தில் இறங்கினர், வண்டிகள் எரிந்தன. நாற்பதாண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூர் காணாத நிகழ்ச்சி அது. 25 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 57 பேர் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இவ்விரு எண்களையும் நாம் ஒரு செய்யுளைப் படிப்பது போல் நிறுத்திப் படிக்க வேண்டும். 25 பேருக்கு நீதிமன்றம் கிடைத்தது. சாட்சி, வாதம், தீர்ப்பு கிடைத்தன. 57 பேருக்கு விமானம் கிடைத்தது. குடிமகன் ஒருவன் இவ்வாறு தவறினால் அது உள்நாட்டுக் குற்றம். அவனை எங்கும் அனுப்ப இயலாது. தொழிலாளிக்கோ குடிநுழைவுச் சட்டமே தண்டனைச் சட்டத்தின் வேலையைச் செய்கிறது. பெயர் மட்டும் தண்டனையன்று.

சிறு தீவு தன் அமைதியைக் காத்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்பார்கள். காக்கத்தான் வேண்டும். கல்லெறிந்தவன் தண்டனை பெறுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அவ்விரவு அடிபட்ட காவலரும் உழைப்பவரே. ஓய்வு பெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்து, பகிரங்கமாகச் சாட்சியம் கேட்டு, 2014 இல் அறிக்கை வெளியிட்டதும் பாராட்டத்தக்கதே. நம் வினா வேறு. ஒருவனை வேலைக்கு வேண்டும்போது ஊரின் கையாகவும், ஐயம் தோன்றும்போது அயலானின் காலாகவும் கருதுவது நீதியாகுமா? காவல் என்பது அவனிடமிருந்து ஊரைக் காப்பது மட்டுந்தானா? அவனையும் சேர்த்துக் காப்பதா?

சொற்களை ஆராய்வது விமரிசகன் கடமை. 2020 இல் கொரோனா நோய் பரவியபோது, செங்காங்கிற்கு அண்மையில் பொங்கோல் பெயர் தாங்கிய பெருவிடுதி ஏப்ரல் 5 இல் தனிமைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அன்றாடக் கணக்கில் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: வெளிநாட்டிலிருந்து வந்தோர், சமூகத்தில் உள்ளோர், விடுதியில் உள்ளோர். நோயைத் தடுக்க இப்பிரிவு பயன்பட்டிருக்கலாம். ஆயினும் சொல் ஓர் உண்மையை வெளியிட்டுவிட்டது. நம் வீடுகளைக் கட்டியவன் வெளிநாட்டிலும் இல்லை, சமூகத்திலும் இல்லை. மூன்றாவதாக ஒரு பெயரில்லாத தேசத்தில் இருந்தான்.

அவனுடைய அகம் என்ன ஆயிற்று? கடற்பயணத்தில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பதாகத் தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு உரையாசிரியர் பொருள் கூறுவர். சாதாரண வேலை அனுமதி பெற்றவன் மனைவி மக்களை அழைத்து வந்து குடியிருக்க இன்றும் இடமில்லை. சிங்கப்பூர்க் குடிமகள் ஒருத்தியை மணக்க வேண்டுமெனின் மனிதவள அமைச்சின் அனுமதி பெற வேண்டும். செல்லையாவுக்குத் தடையாக நின்றவர் ஒரு தந்தை. இவனுக்கோ ஓர் அமைச்சு. அகத்திணையின் முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பர். இவன் காதலுக்கு நிலமும் பொழுதும் அனுமதிச் சீட்டில் குறித்த இடமும் தேதியுமே.

தோட்டத்தில் பிறந்த வாசகரே, நகரத்தில் பிறந்த வாசகரே! நாதன் கப்பலேற்றப்பட்ட கதையைப் படித்து நாம் கண் கலங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஒரு தொழிலாளி அருகில் அமர்ந்தால் நம்மில் சிலர் எழுந்து நிற்கிறோம். இறந்துபோன கூலியிடம் இரக்கமும் உயிரோடுள்ள தொழிலாளியிடம் அச்சமும் கொள்வது எவ்வகை அறிவு? நம் பாட்டனைப் பதிவு வரிசையில் நிறுத்திய அதே ஐயத்தை நாம் பரம்பரைச் சொத்தாகப் பெற்றுக்கொண்டோமா?

இளம் எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது இதுவே. சிங்காரத்தைப் படியுங்கள், அவரைத் தொழ வேண்டா. அவர் பினாங்குக் கடைத்தெருவில் நிறுத்திய கதையைத் தோட்டத்துக்கும் விடுதிக்கும் கொண்டு செல்லுங்கள். அந்த 57 பேருள் ஒருவன் ஊர் போய்ச் சேர்ந்த இரவை எழுதுங்கள்: ஏன் திரும்பினாய் என்று மனைவி கேட்க, கடன் கொடுத்தவன் திண்ணையில் காத்திருக்க, அவன் என்ன விடை சொல்லியிருப்பான்? அவ்வீட்டில் அன்று நிகழ்ந்ததை எழுதுபவனுக்கு அது அகப்பொருளா புறப்பொருளா என்று பிரித்துச் சொல்ல இயலாது. அந்தக் கதை வரட்டும். நாமும் செங்காங்கில் அதைப் படித்துவிட்டு, அடுத்த ஞாயிறு ரயிலில் அவனருகே அமர்வோம்.