வாசா மாதிரிக் கப்பல்: அழகு உண்டு, அறிவியல் எங்கே?

'வாசா' என்ற சுவீடன் போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் முதல் பயணத்திலேயே மூழ்கியது, 1961-இல் மீட்கப்பட்டது. அதன் மாதிரியை, லேசர் கதிரால் வெட்டிய மரத்துண்டுகளைக் கொண்டு, 75-இல் ஒரு பங்கு அளவில் செய்யலாம். விலாச் சட்டங்கள் அடிமரத்தின் வெட்டுகளில் கச்சிதமாகப் பொருந்தும். கருகிய விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்த பின்பே பசை நன்கு பிடிக்கும்.

உருவம் அழகுதான். ஆனால் கப்பல் ஏன் மூழ்கியது? மேற்பகுதி கனத்து, புவியீர்ப்பு மையம் உயர்ந்திருந்தது. காற்றில் சாய்ந்ததும் பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்தது. அடியிலிருந்த சுமார் 120 டன் கற்களாலும் அதை நிமிர்த்த முடியவில்லை.

அந்த எடையை 75-இன் முப்படியால் வகுத்துப் பாருங்கள்: சுமார் 280 கிராம்! அவ்வளவு ஈயத்தையும் ஒரு விளக்கத்தாளையும் சேர்த்துத் தந்தால், அலமாரிப் பொம்மை தண்ணீர்த் தொட்டியில் ஆய்வுக் கருவியாகும்.