பேருந்தோடு முடியும் நிதி

பள்ளிப் பிள்ளைகளைப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் அழைத்துப் போகும் செலவை வெளியார் ஏற்பது இன்று பரவலாகிவிட்ட நற்பணி. முன்பெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த பிறகுதான் கல்விச் சுற்றுலா புறப்படும்; பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்குப் பள்ளிப் பக்கமே வராது. இப்போது தொழில் நிறுவனங்கள், ரோட்டரி சங்கங்கள், முன்னாள் மாணவர் குழுக்கள் என்று பலரும் பேருந்து எடுத்துத் தருகிறார்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. செலவிடத் தக்கவை என்று அது தரும் பட்டியலில் கல்வியும் உண்டு, சுற்றுச்சூழலும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஐம்பது பேரை வேடந்தாங்கல் பறவைச் சரணாலயத்துக்கு அனுப்பிவைத்தால் இரண்டுமே நிறைவேறிவிடுகின்றன. இந்த வழக்கம் இவ்வளவு வேகமாகப் பரவியதில் வியப்பில்லை.

இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணம் எளியது. பிள்ளை ஒரு முறை நேரில் பார்த்தால் போதும், இயற்கையின் மேல் பற்று தானாக வந்துவிடும். இன்று விழும் விதை நாளை மரமாகும். நன்றியுரைகளிலும் ஆண்டறிக்கைகளிலும் இந்த விதை தவறாமல் விழுகிறது. தண்ணீர் ஊற்றும் செலவு மட்டும் எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

ஒரே ஒரு முறை போய்வருவதால் பயனே இல்லை என்று சொல்லவும் முடியாது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, விண்ணப்பித்த பள்ளிகளில் யார் முதலில் வருவது என்று குலுக்கல் போட்டார்கள். ஏறத்தாழ 11,000 மாணவர்களிடம் நடந்த அந்த ஆய்வு 2013இல் வெளியானது. அரை நாள் பார்த்துத் திரும்பிய மாணவர்கள் ஒரு படத்தைக் கூர்ந்து நோக்கிப் பேசும் திறனில் முன்னேறியிருந்தார்கள். நாட்டுப்புறப் பள்ளி மாணவர்களிடமும் ஏழை மாணவர்களிடமும் அந்த முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. குலுக்கலில் வாய்ப்புக் கிடைக்காதவர்களைவிட, ஒரு முறை பார்த்துவிட்டுப் போனவர்களே அந்த அருங்காட்சியகத்துக்கு மறுபடி அதிகமாக வந்தார்கள். வேறு எங்கும் போக வாய்க்காத பிள்ளைக்கு ஒரு நாள்கூடப் பெரிது என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது. கூழைக்கடாவைப் படத்தில் பார்ப்பதும், அது தண்ணீரில் வந்து இறங்கும்போது எழும் சத்தத்தைக் கேட்பதும் ஒன்றல்ல. இதிலெல்லாம் தகராறு கிடையாது.

தகராறு பணம் எதற்குப் போகிறது என்பதில். ஒரு நாள் பயணத்தின் செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டால் முதல் வரி பேருந்து வாடகை. அடுத்து நுழைவுக் கட்டணம், காலை உணவு, மதிய உணவு, தண்ணீர்ப் பாட்டில், பல நேரம் நிறுவனத்தின் பெயர் பொறித்த தொப்பி, வாசலில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள ஒரு பேனர். இவை எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. உடன் போகும் ஆசிரியர் முந்தைய வாரமே அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவரும் நாளுக்கு ரசீது இல்லை, ஆகவே அந்த நாளும் இல்லை. திரும்பி வந்த பிறகு வகுப்பில் நடக்க வேண்டிய நான்கு பாடவேளைகளும் அப்படித்தான் காணாமல் போகின்றன. நிதி தருபவர் ‘எத்தனை பிள்ளைகள்’ என்று கேட்கிறார், பள்ளி எண்ணிக்கையைச் சொல்கிறது, பயன்பாட்டுச் சான்றிதழில் அது ஏறுகிறது. போன ஆண்டு போன ஐம்பது பேரையே இந்த ஆண்டும் அனுப்பினால் எண்ணிக்கை ஐம்பதாகவே நிற்கும். புதிதாக ஐம்பது பேர் போனால் நூறு. அதனால் எந்தப் பிள்ளையும் இரண்டாம் முறை போவதில்லை. கிரிஸ்டல் பிரிட்ஜஸ் பேருந்துக் கட்டணத்தோடு நிற்கவில்லை. ஆசிரியர் உடன் வருவதால் காலியாகும் வகுப்புக்கு வரும் மாற்று ஆசிரியரின் ஊதியத்தையும் அதுவே கொடுத்தது. அந்த ஆய்வை மேற்கோள் காட்டிப் பேருந்துக்குப் பணம் கேட்பவர்கள் இந்த விவரத்தைச் சொல்வதே இல்லை.

முதல் வருகையில் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு ஆராயப்பட்டதுதான். ஜான் ஃபால்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், காட்டுப் பகுதிக்குக் கூட்டிப் போன சிறுவர்களை ஒப்பிட்டார்கள். காடு பழகிய பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த பாடத்தைக் கற்றார்கள். காடு புதிதான பிள்ளைகளின் கவனமெல்லாம் இடத்தைத் தெரிந்துகொள்வதிலேயே போய்விட்டது, பாடம் ஏறவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து இஸ்ரேலில் நிர் ஓரியனும் ஆவி ஹோஃப்ஸ்டீனும் நிலவியல் களப்பயணங்களை ஆராய்ந்து இதை மேலும் விளக்கினார்கள். இடம் புதிது, கற்க வேண்டிய பொருள் புதிது, அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதும் புதிது என்றால் மாணவர் திணறுகிறார். இந்த மூன்று புதுமையையும் வகுப்பிலேயே குறைத்துவிட்டுப் போனால் கற்கிறார். பயணம் பாடத்தின் தொடக்கத்தில் வர வேண்டும், முடிவில் பரிசுபோல் வரக் கூடாது என்பதும் அவர்கள் கண்டது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடப்பது நேர் எதிர். அரையாண்டுத் தேர்வு முடிந்து, பொதுத்தேர்வு நெருங்குவதற்கு முன், நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும். அதனால் தை, மாசியில் கிடைக்கும் ஒரு சனிக்கிழமைதான் சுற்றுச்சூழல் கல்வியின் நாள். எந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது என்று அந்தச் சனிக்கிழமைக்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் டிரெமாண்ட் என்ற இடத்தில் பிள்ளைகள் மூன்று நாளோ ஐந்து நாளோ தங்கிக் கற்கிறார்கள். அங்கே ஸ்டெர்ன், பவல், ஆர்டோயின் ஆகியோர் நடத்திய ஆய்வு 2008இல் வந்தது. முகாம் முடிந்த உடனே கேட்டால் எல்லா அளவுகளிலும் ஏற்றம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது அவற்றில் சில மங்கியிருந்தன. ஐந்து நாள் தங்கியும் அப்படி என்றால், காலை பத்தரைக்கு இறங்கி மூன்று மணிக்கு ஏறும் பயணம் என்னத்தைத் தாங்கி நிற்கும்? ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்த கதைதான்.

இந்தக் குறை வேடந்தாங்கலில் தெரிவதுபோல் வேறெங்கும் தெரிவதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி, பறவைகளால் பெயர் பெற்றது. பறவைகள் அங்கே நிலைத்ததற்குக் காரணம் ஊர்க்காரர்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் வந்து, நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த தண்ணீர் மதகு வழியே இறங்கி நெல்வயலுக்கு உரமாகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு 1798இல் பாதுகாப்பு ஆணையே வாங்கிவிட்டார்கள். காட்டுயிர்ச் சட்டம் என்ற பேச்சே எழாத காலம் அது. தீபாவளிக்கு அங்கே இன்றும் வெடிச்சத்தம் கேட்பதில்லை. பறவை, தண்ணீர், வயல், ஊர்க்கட்டுப்பாடு எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் எளிதில் கிடைக்காது.

பேருந்தில் வரும் பிள்ளைக்கு இதில் எது எட்டுகிறது? கரையில் நடந்து, காட்சிக் கோபுரத்தில் வரிசையில் ஏறி, தொலைநோக்கியில் அரை நிமிடம் கண் வைத்துவிட்டு இறங்குகிறது. தூரத்து மரங்களில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிகிறது. பலகையில் உள்ள பறவைப் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது, ஏனென்றால் திங்கட்கிழமை கட்டுரை எழுத வேண்டும். பிறகு புளிசாதம். மதகைப் பார்க்க யாரும் கூட்டிப் போவதில்லை. மதகுக்குக் கீழே உள்ள வயலின் சொந்தக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க நிகழ்ச்சி நிரலில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. 2020இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றெல்லையைச் சுருக்கலாம் என்ற முன்மொழிவு எழுந்து, கடும் எதிர்ப்பும் கிளம்பியது. அந்த எல்லை எதற்கு, அதற்குள் என்ன தொழில் நடக்கலாம், யார் தீர்மானிப்பது என்பன எட்டாம் வகுப்புப் பிள்ளை தாராளமாக விவாதிக்கக்கூடிய கேள்விகள். கரையில் இரண்டு மணி நேரம் நின்றவர்களிடமிருந்து அந்தக் கேள்விகள் எழ வழியில்லை. ஒரே ஏரியை ஆடியில் வறண்டும் கார்த்திகையில் நிரம்பியும் பார்த்தவர்களுக்குத்தான் எழும்.

இன்னும் ஆழமான கேடு ஒன்றும் இருக்கிறது. இயற்கை என்பது எண்பது கிலோமீட்டர் தள்ளி, வேலி போட்டு, டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டிய பொருள் என்று இந்தப் பயணம் சொல்லாமல் சொல்லிக்கொடுக்கிறது. பள்ளிச் சுவரை ஒட்டி ஓடும் வாய்க்கால் சாக்கடையாகவும், வாசலில் நிற்கும் புங்க மரம் சைக்கிள் நிறுத்தும் நிழலாகவும் மட்டுமே அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் தொடர்ந்து தெரியும். பயணத்துக்குப் பணம் கொடுத்தவர் இதை நினைத்திருக்கமாட்டார். நினைக்காவிட்டாலும் விளைவு அதுதான்.

தொடர்ந்து பார்த்தலுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை என்பதற்கு உதாரணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ‘சீசன்வாட்ச்’ திட்டத்தில் ஒரு பிள்ளை ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒரு முறை அதில் தளிர், பூ, காய் எவ்வளவு என்று குறிக்கிறது. கேரளப் பள்ளிகள் இதில் பெருமளவில் பங்கேற்கின்றன. விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை முன்னதாகவே பூத்துவிடுகிறதா என்ற கேள்வியை அங்கே பள்ளிப் பிள்ளைகளின் குறிப்பேடுகளை வைத்தே அணுக முடிகிறது. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் இரவு தோறும் கடற்கரையில் நடக்கிறது. இரண்டிலும் செலவாவது நேரமும் ஆளும். ஆனால் பள்ளி அமைப்பில் இந்த இரண்டுக்கும்தான் பணம் ஒதுக்குவது கடினம். 1991இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அது இன்னொரு பாடநூலாக முடிந்தது. 2001இல் மத்திய அரசு பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கான தேசியப் பசுமைப் படையைத் தொடங்கியது. பள்ளிக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய், பொறுப்பாசிரியர் ஒருவர். அவருக்கு வழக்கமான பாடவேளைகளில் ஒன்றுகூடக் குறையாது.

அருகில் உள்ள நீர்நிலைகள் குப்பைமேடாகிவிட்டனவே, பாதுகாப்பும் இல்லையே, அங்கே பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போவது என்பது வழக்கமான மறுப்பு. பாதுகாப்பு பற்றிய பகுதி நியாயமானது: ஆழமான ஏரிக்கும் போக்குவரத்து மிகுந்த சாலைக்கும் தலைமையாசிரியர் அஞ்சுவது சரியே. குப்பை பற்றிய பகுதி மறுப்பாகவே நிற்காது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் அதே சதுப்பில்தான் இருக்கிறது. நாரையையும் குப்பையையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடிவது சுற்றுச்சூழல் கல்விக்குத் தடை என்றால், அந்தக் கல்வி எதைப் பற்றியது என்று கேட்க வேண்டியிருக்கும்.

நடந்து போகும் தூரத்தில் ஒரு மரம்கூட இல்லாத பள்ளிகள் வட சென்னையிலும் மற்ற நகர நெரிசல்களிலும் உண்டு. அவற்றுக்குப் பயணம் தேவைதான், நிதியும் தேவைதான். அங்கேயும் ஐம்பது பேரைத் தூரத்துக்கு ஒரு முறை அனுப்பும் பணத்தில், அதே ஐம்பது பேரைப் பக்கத்தில் உள்ள ஓரிடத்துக்குப் பருவத்துக்கு ஒரு முறை அனுப்ப முடியும். கிண்டி தேசியப் பூங்கா நகருக்குள்ளேயே இருக்கும் 2.7 சதுர கிலோமீட்டர் வறண்ட பசுமைமாறாக் காடு. வெளிமானும் புள்ளிமானும் அங்கே உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், மாணவிகளும் ஆசிரியைகளும் அங்கே போய்வரப் பேருந்து வாடகை என்ற வரியே கணக்கில் வராது. பையன்களுக்கு டிக்கெட், அனைவருக்கும் நுழைவுக் கட்டணம், ஆசிரியருக்கு ஆண்டில் நான்கு வேலைநாள், அந்த நாட்களில் அவருடைய மற்ற வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். விண்ணப்பத்தில் கேட்க வேண்டிய தொகை இவ்வளவுதான்.