வினாவும் செவ்வியும்

பவணந்தி முனிவர் நன்னூலிலே வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. ஆசிரியர் தாம் அறிந்த பொருளையே மாணாக்கனிடம் வினாவுவது அறிவினா. மாணாக்கன் தான் அறியாததை ஆசிரியரிடம் வினாவுவது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் துணியமாட்டாது வினாவுவது ஐயவினா. இப்பகுப்பைத் தேர்வின் பொருட்டு மனனஞ் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுதல் நம்மிற் பலர்க்கும் வழக்கம். ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் வானொலி வளர்த்தெடுத்த இலக்கிய வடிவம் ஒன்றனை மதிப்பிடுதற்கு இதனினுஞ் சிறந்த அளவுகோல் கிடைத்தல் அரிது. அவ்வடிவம் வானொலிச் செவ்வியாகும்.

செவ்வி என்னுஞ் சொல் பழைய நூல்களிலே தக்க காலத்தையும், அரசனைக் காண்டற்குக் கிடைக்கும் வாய்ப்பையும் உணர்த்தியது. இன்று ஒருவரை நேரிற் கண்டு வினாவி விடைபெறும் முறைக்கு அதனையே பெயராக வழங்குகின்றோம். இவ்வழக்குப் பொருத்தமுடையதே. அறிஞர் ஒருவரை அணுகும் வாய்ப்பு மாத்திரம் போதாது. அவருடைய உள்ளம் திறக்குங் காலம் அறிந்து வினாவுதலும் வேண்டும். வாய்ப்பைப் பெற்றும் காலத்தைத் தவறவிட்ட செவ்விகள் மிகப் பல.

வானொலியிற் கருத்துக்களை வழங்குதற்கு வேறு முறைகளும் உள. 1948 ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ரீத் சொற்பொழிவுகளைத் தொடக்கியபோது, முதலாவது வரிசையை நிகழ்த்தியவர் தத்துவ அறிஞர் பேர்ட்ரண்ட் ரசல். அத்தகைய சொற்பொழிவு ஆராய்ந்து முடிந்த முடிபை நிரல்பட வைக்கின்றது. செவ்வியோ, முடிபு தோன்றுமுன் எண்ணம் படும் பாட்டைக் காட்டுகின்றது. தயங்குதல், சொல்லைத் தேடுதல், சொன்னதைத் தானே திருத்துதல் ஆகிய யாவும் அங்கே செவிக்குப் புலனாகின்றன. சொற்பொழிவாளர் கற்றவர் என்பதை நாம் அறிகின்றோம். செவ்வி அளிப்பவர் எவ்வாறு சிந்திக்கின்றார் என்பதை உணர்கின்றோம்.

எனின், செவ்வியின் தரத்தை நிறுவுவது எது? விடையளிப்பவரின் பெருமையே என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் பிழையென்பதே இக்கட்டுரையின் துணிபு. செவ்வி உயர்வதும் தாழ்வதும் வினாவின் வகையாலும், வினாவியபின் செவிகொடுக்கும் பண்பாலுமே ஆகும்.

ஆறுமுக நாவலர் சைவ வினாவிடை இயற்றினார். அதன்கண் வினாவுபவரும் விடுப்பவரும் ஒருவரே. விடை முன்னரே உளது. அதனை ஒழுங்குபெற நிறுத்துதற்காகவே வினா அமைக்கப்பட்டது. கற்பித்தல் நோக்கமாதலின், அவ்வறிவினா அந்நூலுக்குக் குறையன்று, அணியேயாம். ஆனால் உயிருள்ள மனிதர் ஒருவரை எதிரே இருத்திக்கொண்டு அதே முறையிற் செவ்வி நடத்தப்படுமாயின், விடையளிப்பவர் வினாவுபவரின் எதிரொலியாகிவிடுவார்.

இதற்கு எடுத்துக்காட்டாக, 1949 இற் பிரெஞ்சு வானொலியில் ஒலிபரப்பாகிய ஒரு செவ்வித் தொடரைக் கூறலாம். 1947 இல் நோபல் பரிசு பெற்ற ஆந்திரே ஜீத் என்னும் முதுபெரும் எழுத்தாளரை, அல்சீரியாவிற் பிறந்த கவிஞராகிய ழான் அம்ரூஷ் வினாவினார். அம்ரூஷ் ஜீத்தின் நூல்களிலே ஆழ்ந்து தோய்ந்தவர். அப்புலமையே பல இடங்களிலே தடையுமாயிற்று. அவர்தம் வினாக்கள் நீண்டு, நூலுக்கு உரை விரித்து, முடிபையுந் தாமே கூறிவிடுகின்றன. ஜீத்தோ சிறுசொல்லால் உடன்பட்டோ மறுத்தோ நழுவிச் செல்கின்றார். பிடிக்க முயல்பவரும் நழுவுபவருமாக நிகழும் அவ்வாடலில் ஒரு சுவை உண்டு. எனினும் அது அறிவினாவின் எல்லையைக் காட்டும் சுவையேயாம்.

இனி இதற்கு மறுதலையாய ஒருவரை நோக்குவாம். ஸ்ரட்ஸ் ரேர்க்கல் என்பார் 1912 இல் நியூயோர்க்கிற் பிறந்து, இளமையிலேயே சிக்காகோவுக்குப் பெயர்ந்தவர். அவர்தம் பெற்றோர் அங்கே வாடகை விடுதி நடத்தினர். அவ்விடுதியிற் கூடிய தொழிலாளரும் வேலையிழந்தோரும் வழக்காடிய பேச்சுக்களே தமது கல்விக்கூடம் என்று அவர் கருதினார். சட்டம் பயின்று பட்டம் பெற்றும் அத்தொழிலை மேற்கொண்டாரல்லர். 1950 களின் தொடக்கத்தில், அரசியற் கொள்கை பற்றிய ஐயம் அமெரிக்காவெங்கும் பரவியிருந்த காலத்தில், தொலைக்காட்சியில் அவர்க்கிருந்த இடம் பறிபோயிற்று. 1952 முதல் 1997 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள், சிக்காகோவின் டபிள்யூ. எவ். எம். ரி. வானொலியிற் செவ்வி நடத்தினார். ஏறக்குறைய 5,600 நிகழ்ச்சிகள் அவர் பெயரால் எஞ்சியுள்ளன.

ரேர்க்கலும் நூலைக் கற்றுத் தேர்ந்தே எழுத்தாளரை எதிர்கொண்டார். அவர் கையிலிருந்த பிரதியின் ஓரங்களெல்லாம் குறிப்புக்களால் நிறைந்திருந்தமை கண்டு எழுத்தாளர்கள் வியந்ததுண்டு. ஆயினும் அக்கல்வியை அவர் வினாவுக்கு முன்னே நிறுத்தாது பின்னே மறைத்தார். 1961 இல் யேம்ஸ் போல்ட்வின் என்னும் கறுப்பின எழுத்தாளரைச் செவ்வி கண்டபோது, அவர் முதலில் வைத்தது வினாவன்று, ஓர் இசைத்தட்டு. பெஸ்ஸி சிமித் என்னும் பாடகி வெள்ளத்தின் கொடுமையைப் பாடிய பாட்டு ஒலித்து முடிந்தது. அதனைக் கேட்கையில் யாது உணர்கின்றீர் என்பதே தொடர்ந்த வினா.

போல்ட்வின் பாட்டின் இலக்கணத்தை ஆராயப் புகவில்லை. அவ்வுணர்வைக் கூறுதல் அரிது என்றார். பின்னர், தாம் அதனை ஐரோப்பாவிலே கேட்ட நிலைமையைச் சொல்லலானார். தாய்நாட்டில் இருந்தபோது அப்பாடகியின் குரலை விலக்கி ஒழுகியவர் அவர். வெள்ளையர் தம் இனத்தாரைப் பற்றிப் புனைந்த இழிவான படிமத்துக்கு அஞ்சி, தம் இளமைப் பேச்சையும் இசையையுந் துறந்திருந்தார். சுவிற்சர்லாந்தின் மலைச்சிற்றூர் ஒன்றிலே, பனிக்கும் அயலாருக்கும் நடுவே முதல் நாவலை எழுதி முடிக்க முயன்ற காலத்திலேதான், அவ்விசைத்தட்டு அவரைத் தம் பிள்ளைமையின் மொழிக்கு மீட்டது.

நன்னூலார் விடையை எட்டு வகையாக்கி, இறுதி ஐந்தும் நேர்விடை அல்லவாயினும் பொருளால் விடையாக ஏற்கப்படும் என்றார். அவற்றுள் ஒன்று உற்றதுரைத்தல். இது செய்வாயோ என்று வினாவப்பட்டவன், செய்வேன் என்றோ செய்யேன் என்றோ கூறாது, தன் உடம்பு நொந்தது என்று கூறுதல் போல்வது. போல்ட்வின் கூறியதும் உற்றதுரைத்தலே. பாட்டைப் பற்றிய வினாவுக்கு அவர் தமக்கு நேர்ந்ததை விடையாகத் தந்தார். அவ்விடையிலே ஓர் இனத்தின் அவமானமும் மீட்சியும் அடங்கின. வினாவுபவர் நேர்விடையை வற்புறுத்தியிருப்பின் இஃது ஒருகாலும் வெளிப்பட்டிராது.

புகழ்பெற்றோரிடம் மட்டுமன்றி, பெயரறியாப் பொதுமக்களிடத்தும் ரேர்க்கல் இம்முறையையே கையாண்டார். ஒலிப்பதிவுக் கருவியை இயக்குவதில் அவர் திறமையற்றவர். நாடா சுழலவில்லையே என்று எதிரிலிருப்பவர் சுட்டிக்காட்ட நேர்ந்ததும் உண்டு. பெரியவர் ஒருவரின் முன் அஞ்சியிருந்தவர், அவருக்கு உதவுபவராக மாறியவுடன், அச்சம் நீங்கிப் பேசலாயினர். அரசாங்கக் குடியிருப்பொன்றிலே பிள்ளைகளோடு வாழ்ந்த ஏழைத் தாய் ஒருத்தியின் பேச்சைப் பதிந்தமை பற்றி அவரே பின்னாளிற் கூறியுள்ளார். தாயின் குரலைக் கேட்கவேண்டுமெனப் பிள்ளைகள் ஆரவாரித்தனர். நாடா மீள ஒலித்தது. தன் சொற்களைக் கேட்ட அவள் வாயிற் கை வைத்து, தான் இவ்வாறு எண்ணியிருந்ததைத் தான் அறிந்திலேன் என்று வியந்தாள்.

செவ்வியின் பயன் இதனினும் விளங்க எங்குங் கூறப்பட்டிலது. அத்தாயிடம் வைக்கப்பட்டது உண்மையான அறியாவினா. அதற்கு அவளிடமும் ஆயத்தமான விடை இருக்கவில்லை. வினாவும் செவியும் கூடிய இடத்திலே விடை புதிதாய்ப் பிறந்தது. சமுதாயம் தன்னைத் தான் அறிதற்கு இதுவும் ஒரு வழி. ஆட்சியாளரும் அறிஞரும் மக்களைப் பற்றிக் கூறுவன ஏராளம். மக்கள் தம்மைப் பற்றித் தாமே கூறக் கேட்பாரோ மிகச் சிலர்.

இங்ஙனம் போற்றுதலால் ரேர்க்கலிடத்துக் குறையில்லை என்பது கருத்தன்று. உவகை மிகுந்தபோது அவர் இடைமறித்துப் பேசுவார். விருந்தினரின் கூற்றை வழிமொழிந்து பாராட்டுவார். தம் கொள்கைக்கு இசைந்தோரிடம் அவர் ஐயவினாவை எழுப்புவது அரிது. நண்பரிடத்தும் இது மெய்தானோ என்று ஐயுற்று வினாவியிருப்பின், அச்செவ்விகள் மேலும் ஆழம் பெற்றிருக்கும். மற்றுமொன்று: மக்களின் பேச்சைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல்கள் பெரும்புகழ் எய்தின. தொழில் பற்றிய நூல் 1974 இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப்போர் பற்றிய நூல் 1985 இற் புலிட்சர் பரிசு பெற்றது. அந்நூல்களில் அவர் தம் வினாக்களிற் பெரும்பாலனவற்றை நீக்கி, விடைகளைத் தொடர்ந்த உரையாக அமைத்தார். படிப்போர், அம்மக்கள் தாமாகவே இவ்வாறு பொழிந்தனர் என மயங்குவர். எவ்வினா எவ்விடையை எழுப்பிற்று என்பதும், இடையிலே எத்துணை நேரம் மௌனம் நிலவிற்று என்பதும் ஏட்டில் இல்லை. வானொலிப் பதிவிலே அவை உள. அதனால் அந்நூல்களினும் அப்பதிவுகளே விமரிசகனுக்கு உறுதியான சான்று எனலாம்.

ரேர்க்கல் 2008 இல் மறைந்தார். 2018 இல் அவருடைய பதிவுகள் இணையத்தின் வழியாக உலகத்தார் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டன. சிக்காகோவில் என்றோ பேசியவர்களின் குரலை நாமும் இருந்த இடத்திலிருந்து கேட்கலாம். கேட்கும் மாணவர்க்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்க விரும்புகின்றேன். விடையை விடுத்து, வினாவை மாத்திரம் முதலிற் குறித்துக்கொள்க. அது பவணந்தியாரின் ஆறனுள் எது என்று வகுத்து நோக்குக. வினாவுபவர் தம் அறிவைக் காட்ட வினாவினாரா, தம் அறியாமையை ஒப்பி வினாவினாரா என்பது அப்போது விளங்கும். நாளை ஒலிவாங்கியின் முன் அமர்ந்து நம்மவரைச் செவ்வி காணப்போகும் மாணவர் இக்கல்லூரியிலும் இருப்பர். வினாவை எழுதிக்கொண்டு செல்லுதல் அவர்க்கு நன்று. எதிரிலிருப்பவர் சொல்லத் தொடங்கியபின் அத்தாளை மடித்து வைத்துவிடுதல் அதனினும் நன்று.