தில்லிக்கு வந்த சீதா: கல்கி 125-ஐ ஒட்டி ஒரு பார்வை

'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-ஆம் தேதி, மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். 1999-ல் நூற்றாண்டு விழா வந்தது. அதையொட்டி அஞ்சல்தலை வெளியாயிற்று. தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. 2024-ல் 125 ஆண்டுகள் நிறைந்தன. இடையே 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களாக வந்து, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயிலும் வந்தியத்தேவன் பெயரைப் புழங்க வைத்துவிட்டது. சந்தோஷமான விஷயம்தான்.

ஆனால் கல்கிக்கு விழா என்றால் வெளிமாநிலத் தமிழர்களாகிய நாம் என்ன செய்வோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழந்தைகளுக்குக் குந்தவை, வந்தியத்தேவன் மாறுவேடப் போட்டி. பெரியவர்களுக்கு 'நந்தினி செய்தது சரியா, தவறா' என்று ஒரு பட்டிமன்றம். பிறகு 'மீரா' படப் பாடல்கள். கடைசியில் சாப்பாடு. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாலு தமிழ்க் குடும்பம் ஒரே இடத்தில் கூட இப்படி ஒரு சாக்கு தேவைப்படுகிறதே! என் கேள்வி வேறு. கல்கி எழுதியதிலேயே நம்மைப் பற்றி, அதாவது ஊரை விட்டு வடக்கே வந்து குடித்தனம் போட்ட தமிழர்களைப் பற்றிய நாவல் ஒன்று இருக்கிறது. அதை ஏன் நாம் விழா மேடைக்கே கொண்டுவருவதில்லை?

'அலை ஓசை'யைத்தான் சொல்கிறேன். 1948-49-ல் 'கல்கி' பத்திரிகையில் தொடராக வந்தது. 1954 டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி காலமானார். 1956-ல் சாகித்திய அகாதெமி பரிசு அவருக்குக் கிடைத்தது இந்த நாவலுக்காகத்தான். தம் நூல்களில் ஏதாவது ஒன்று நெடுநாள் நிலைக்கும் தகுதி உடையதென்றால் அது 'அலை ஓசை'தான் என்ற பொருள்பட அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஆசிரியர் முன்னே வைத்த புத்தகத்தை வாசகர்கள் நாம் பின்னே தள்ளிவிட்டோம்.

கல்கியின் சமூக நாவல்களை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அவருடைய பெண்கள் கஷ்டப்படுவது பெரும்பாலும் ஊரில் அல்ல. ரயிலேறிப் போன இடத்தில். 1938-39-ல் 'ஆனந்த விகட'னில் வந்த 'தியாகபூமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பு சாஸ்திரியின் மகள் சாவித்திரி, நெடுங்கரையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகிறாள். அங்கே உத்தியோகம் பார்க்கும் புருஷன் ஸ்ரீதரனுக்குக் கிராமத்துப் பெண்ணைக் கண்டாலே இளக்காரம். சாவித்திரி அடிபட்டு, அவமானப்பட்டு, கடைசியில் உமாராணியாகத் திரும்பி வந்து, கோர்ட்டில் புருஷனுக்கு வேண்டுமானால் தானே ஜீவனாம்சம் தரத் தயார் என்கிறாள். 1930-களில் இப்படி ஒரு பெண்ணைப் பேசவைத்தது சாமான்யமான காரியம் அல்ல. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். சாவித்திரியைக் காப்பாற்றியது அவளுடைய தைரியம் மட்டும் இல்லை; பம்பாய் அத்தையின் சொத்தும்தான். அத்தை சொத்து இல்லாத சாவித்திரிகள் என்ன செய்வார்கள்?

'அலை ஓசை'யின் சீதாவை இந்தக் கேள்விக்குக் கல்கி சொன்ன பதிலாகப் படிக்கலாம். சீதா பம்பாயில் வளர்ந்தவள். அப்பா அங்கே ரயில்வேயில் இருந்தவர். தாய்மாமன் ஊரான ராஜம்பேட்டைக்கு வந்த இடத்தில், மாமன் மகள் லலிதாவைப் பெண் பார்க்க வந்த சௌந்தரராகவன் சீதாவைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறான். கல்யாணம் நடக்கிறது. பிறகு தில்லி. சர்க்கார் உத்தியோகம், பங்களா, பார்ட்டி எல்லாம் உண்டு. லலிதாவோ பட்டாபிராமனைக் கட்டிக்கொண்டு தேவபட்டணத்தில் இருக்கிறாள். அதிர்ஷ்டசாலி யார் என்று கேட்டால் கிராமத்தில் எல்லோரும் சீதாவைத்தான் காட்டியிருப்பார்கள்.

இங்கேதான் கல்கியின் பார்வை கூர்மையாகிறது. சௌந்தரராகவன் ஸ்ரீதரனைப் போல ஒரேயடியாகக் கெட்டவன் இல்லை. படித்தவன், கெட்டிக்காரன், உத்தியோகத்தில் முன்னேறத் துடிப்பவன். கல்யாணத்துக்கு முன்பே அவன் மனசில் தாரிணி இருந்தாள். பீகார் பூகம்ப நிவாரணத்துக்குப் போன, தன் காலிலேயே நிற்கத் தெரிந்த பெண் அவள். சீதாவிடம் அவன் எதிர்பார்ப்பது இரண்டு. வெளியே நாலு பேர் முன்னால் நாகரிகமாக, கலகலப்பாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் வந்ததும் வாய் திறக்காத கிராமத்துப் பெண்ணாகிவிட வேண்டும். அப்படிக் கலகலப்பாக இருந்தாலோ சந்தேகப்படுகிறான். வெளியூரில் குடித்தனம் செய்த எத்தனையோ பெண்களுக்கு இந்த இரட்டைக் கணக்கு தெரியும். ஊரில் என்றால் அம்மா வீடு எட்டும் தூரத்தில் இருக்கும். அத்தை, பெரியம்மா என்று யாராவது நடுவே புகுந்து நாலு வார்த்தை கேட்பார்கள். தில்லியில் கேட்க யார் இருக்கிறார்கள்? அம்மாஞ்சி சூரியா ஒருவன். அவனோ சுதந்திரப் போராட்டத்தில் போலீசுக்கு ஒளிந்து திரிகிறவன். அவன் வந்துபோவதும் சந்தேகத்துக்குத் தீனிதான் ஆகிறது.

நாவல் ராஜம்பேட்டைத் தபால்சாவடியில் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தபால் வருவது அங்கே ஊர் முழுவதற்கும் நிகழ்ச்சி. சீதாவும் லலிதாவும் கடிதத்தாலேயே உறவு காக்கிறவர்கள். ஊரை விட்டு வந்தவர்களுக்குக் கடிதம் என்றால் என்ன என்பதை நம் முந்தைய தலைமுறை நன்றாக அறியும். 'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதிய பிறகு, எழுதாமல் விட்டது எவ்வளவு என்பது எழுதியவளுக்கு மட்டுமே தெரியும். இன்று கடிதம் போய் வாட்ஸப் வந்தது. படம் அனுப்புகிறோம், சிரித்த முகமாக. விஷயம் மாறிவிட்டதா என்ன?

இந்த நாவலை நாம் தவறவிடக் கூடாததற்கு இரண்டாவது காரணம் 1947. நாவலின் நான்கு பாகங்களுக்குப் பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்று பெயர். 1934 பீகார் பூகம்பத்தில் தொடங்கிய அதிர்ச்சி தேசப் பிரிவினையில் பிரளயமாக முடிகிறது. சீதா அந்தப் பஞ்சாப் வெறியாட்டத்துக்குள்ளேயே சிக்குகிறாள். நெருக்கடி வரும்போதெல்லாம் அவள் காதில் கேட்கும் அலை ஓசை, கடைசியில் தேசத்தையே விழுங்க வரும் அலையின் ஓசையாகிவிடுகிறது. முடிவில் சீதா பிழைப்பதில்லை.

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். பிரிவினையைப் பற்றிய புகழ்பெற்ற நாவல்கள் என்று நாம் கேள்விப்படும் குஷ்வந்த் சிங்கின் 'டிரெயின் டு பாகிஸ்தான்' 1956-ல் வந்தது. யஷ்பாலின் 'ஜூட்டா சச்' அதற்கும் பிறகு. பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' 1970-களில். கல்கி தொடர் எழுதியதோ 1948-49-ல். காயம் ஆறாத காலம், முகாம்களில் ஜனங்கள் இருந்த காலம். அந்தப் பூமியில் பிறக்காத ஒரு தமிழர், வாராவாரம், சென்னையில் உட்கார்ந்து அதை எழுதினார். பஞ்சாபியின் உள்வலி அவர் எழுத்தில் முழுசாக வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'இது வடக்கத்திக்காரர்கள் விவகாரம்' என்று அவர் ஒதுக்கவில்லை. தம் கதாநாயகியையே அதற்குள் அனுப்பினார். கரோல்பாக்கிலும் ராஜேந்தர் நகரிலும் அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகளோடு சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்த தில்லித் தமிழர்கள், பக்கத்து வீட்டுப் பாட்டி எங்கிருந்து, எப்படி வந்தாள் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

சரி, குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. மூடி மறைப்பது கல்கிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ரஜினிபூர் சமஸ்தானம், காணாமற்போன ராஜகுமாரி, ஆள்மாறாட்டத்தில் கடத்தல் என்று வரும் பகுதிகள், சரித்திர நாவல் எழுதிப் பழகிய கை தானாக ஓடிய இடங்கள். மாமல்லபுரத்துக்கும் காஞ்சிக்கும் பொருந்தும் ரகசிய வழியும் மாறுவேடமும் புதுதில்லிக்குப் பொருந்தவில்லை. தற்செயலான சந்திப்புகள் அளவுக்கு மிஞ்சிப் போகின்றன. இந்தியா முழுவதிலும் இந்த ஏழெட்டுப் பேரைத் தவிர வேறு யாரும் ரயிலில் போவதே இல்லையோ என்று தோன்றும். அடுத்த வாரம் வாசகரை இழுக்க வேண்டுமே என்ற தொடர்கதைக் கட்டாயம் பல அத்தியாய முடிவுகளில் பல்லிளிக்கிறது. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. தாரிணியைத் தன்னந்தனியாக நிற்கக்கூடியவளாக அவ்வளவு அழகாகப் படைத்த கல்கி, சீதாவுக்கு அப்படி ஒரு வழியைக் கடைசிவரை காட்டவில்லை. தேசத்தின் துயரத்தை அவள் தலையில் ஏற்றி, அவளைத் தியாகச் சிலை ஆக்கிவிடுகிறார். உமாராணியின் குரலைக் கேட்ட காதுக்கு இது ஏமாற்றம்தான். இருந்தும், வசதியான அத்தை சொத்து இங்கே வரவில்லை. வாழ்க்கை அநேகமாக இப்படித்தான் நடக்கிறது என்ற உண்மை இருக்கிறது. அந்த வகையில் 'தியாகபூமி'யைவிட இது முதிர்ந்த படைப்பு.

விழா நேரத்தில் குறை சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்குக் கல்கியின் உதாரணத்தையே காட்டலாம். 1930-களின் நடுவில், பாரதியாரை உலக மகாகவிகளின் வரிசையில் வைக்க முடியாது என்று கல்கி 'விகட'னில் வாதாடினார். பெரிய சர்ச்சை எழுந்தது. வ.ரா. எதிர்த்தார்; கு.ப.ரா.வும் சிட்டியும் 'கண்ணன் என் கவி' எழுதியது அந்தச் சூட்டில்தான். அதே கல்கிதான் பின்னால் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் கட்ட, தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்து, ஜனங்களிடம் நிதி திரட்டினார். 1947 அக்டோபரில் ராஜாஜி அதைத் திறந்துவைத்தார். படித்து, வாதாடி, கருத்து வேறுபட்டு, அதற்கப்புறமும் மண்டபம் கட்டியவர் கல்கி. நாம் மண்டபம் கட்டுகிறோம், வாதாட மறந்துபோகிறோம். படிப்பதற்கோ நேரமே இல்லை!

ஆகவே ஒரு சின்ன யோசனை. அடுத்து எந்தத் தமிழ்ச் சங்கம் கல்கிக்கு விழா எடுத்தாலும் மாறுவேடப் போட்டி இருக்கட்டும், பாட்டும் இருக்கட்டும். கூடவே ஒரு மணி நேரம் 'அலை ஓசை'க்கு ஒதுக்குங்கள். நூல் நாட்டுடைமை ஆனது, சுலபமாகக் கிடைக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் சீதா தில்லிக்கு வரும் பகுதியை உரக்கப் படித்துக் காட்டட்டும். மொழிக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 60, 70 வருஷத்துக்கு முன் கல்யாணமாகி, பாஷை தெரியாமல் இந்த ஊர்களுக்கு வந்து இறங்கிய நம் பாட்டிமார்களை மேடையேற்றி, சீதாவைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். பேராசிரியர்கள் சொல்லாத விமரிசனம் அங்கே கிடைக்கும். கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தையும் அழைத்தால் இன்னும் நல்லது. கதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

'பொன்னியின் செல்வன்' நாம் எங்கிருந்து வந்தோம் என்று பெருமையோடு சொல்கிறது. வந்த இடத்தில் நமக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது 'அலை ஓசை'. முதல் புத்தகத்துக்கு நாம் இதுவரை விழா எடுத்தாயிற்று. இரண்டாவதற்கும் எடுப்போம்.