நீளம் தெரியாத இசை

சினிமாவுக்குப் பின்னணி இசை அமைப்பவருக்குக் காட்சி எத்தனை நொடி ஓடும் என்பது முன்கூட்டியே தெரியும். வீடியோ கேமுக்கு இசையமைப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு கட்டத்தை ஒருவர் இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுவார். இன்னொருவர் அங்கேயே இரண்டு மணி நேரம் சிக்கித் தவிப்பார். இருவருக்கும் அதே மெட்டு சலிக்காமல் ஒலிக்க வேண்டும். இந்தச் சிக்கலை எதிர்கொண்டு ஒரு தனித் தொழிலையே உருவாக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் ஜப்பானியர்கள்.

கோஜி கொண்டோ 1984இல் கியோட்டோவின் நின்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் ஃபாமிகாம் விளையாட்டுக் கருவியின் ஒலிச் சில்லில் அவருக்குக் கிடைத்தவை ஐந்தே ஒலித்தடங்கள்: மெட்டுக்கும் துணைச்சுரத்துக்கும் இரண்டு, கீழ்ச்சுரத்துக்கு ஒன்று, தாளத்துக்கு வெறும் இரைச்சலாக ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. மாரியோ குதித்தாலும் காசு பொறுக்கினாலும் அந்த ஓசையும் இதே தடங்களில்தான் புகுந்தாக வேண்டும்; அந்தக் கணத்துக்கு இசையின் ஒரு குரல் அடங்கிவிடும். அப்படியும் குலையாத மெட்டாக வந்தது 1985இன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இசை. மறு ஆண்டு வெளிவந்த 'த லெஜெண்ட் ஆஃப் செல்டா'வின் தொடக்கத்துக்கு ராவெலின் 'பொலேரோ'வைப் போடுவதாக இருந்தார்கள். அதன் காப்புரிமை இன்னும் முடியவில்லை என்று தெரியவந்ததும், கடைசி நேரத்தில் கொண்டோ வேறு இசை எழுதிக் கொடுத்தார்.

இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வழியில் வரவில்லை. கோய்ச்சி சுகியாமா தொலைக்காட்சியிலும் பாப் இசையிலும் பெயர் பெற்றவர். ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கத்தின் வீடியோ கேம் ஒன்றை ரசித்து, அதை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனத்துக்கு அஞ்சலட்டை எழுதப்போய், ஐம்பத்தைந்து வயதில் 'டிராகன் குவெஸ்ட்' இசையமைப்பாளர் ஆனார். 1987இல் அந்த இசை டோக்கியோவில் வாத்தியக் குழுவோடு கச்சேரி மேடை ஏறியது. ஒசாகா இசைக் கல்லூரியில் பியானோ பயின்ற யோகோ ஷிமோமுரா, 1988இல் படிப்பு முடிந்ததும் கேப்காம் என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் சேர்ந்தார். 1991இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' உலகெங்கும் ஓடியபோது அவருடைய முழுப்பெயர் திரையில் இல்லை, புனைபெயர்தான் இருந்தது. போட்டி நிறுவனம் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் அன்றைய நிறுவனங்கள் பலவும் இப்படித்தான் செய்தன.

நொபுவோ உஎமாட்சு முறையாக இசை கற்றவர் அல்லர். 1987இல் தொடங்கிய 'ஃபைனல் ஃபேன்டசி' வரிசை அவரை வளர்த்தது. 1994இல் வந்த ஆறாம் பாகத்தில் ஓர் ஓபெரா காட்சி உண்டு. ஒலிக்கென ஒதுக்கப்பட்ட நினைவகம் வெறும் 64 கிலோபைட். மனிதக் குரலைப் பாடவைக்க அதில் இடமில்லை. குரல் போன்றதொரு செயற்கைச் சுரத்தை ஒலிக்கவிட்டு, பாட்டின் வரிகளைத் திரையில் எழுத்தாக ஓடவிட்டார்கள். குறுவட்டில் வெளியான ஏழாம் பாகத்தின் இறுதிப் போரில்தான், 1997இல், மெய்யான சேர்ந்திசைக் குரல்கள் ஒலித்தன. 2004இல் அந்த வரிசையை வெளியிடும் நிறுவனத்தின் வேலையை விட்ட உஎமாட்சு, தனியாக நிறுவனம் தொடங்கிய பிறகும் அதே வரிசைக்கு இசை தந்தார்.

நீளம் தெரியாத சிக்கலுக்கு இன்னொரு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. லூகாஸ்ஆர்ட்ஸின் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய 'ஐமியூஸ்' முறை, 1991இல் 'மங்கி ஐலண்ட் 2' ஆட்டத்தில் இடம்பெற்றது. ஆடுபவர் இடம் மாறினால் இசையும் பிசிறில்லாமல் அடுத்த மெட்டுக்குத் தாவும். இன்று எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இசையமைப்பாளர் அடுக்கடுக்காக இசையை எழுதித் தருகிறார். பகைவன் நெருங்கும்போது முரசு சேர்வதும், அவன் போனதும் வயலின் மட்டும் மிஞ்சுவதும் ஆட்டத்தின் போக்கைப் பொறுத்தவை.

அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. கிறிஸ்டோபர் டின்னின் 'பாபா யெட்டு' 2011இல் கிராமி வென்ற முதல் வீடியோ கேம் இசை. இத்துறைக்கெனத் தனி கிராமி பிரிவு 2023இல்தான் பிறந்தது. முதல் விருது ஸ்டெஃபனி எக்கோனமுவுக்கு.

உரிமை விஷயம் வேறு. சம்பளத்துக்கு எழுதிய இசை பொதுவாக நிறுவனத்தின் சொத்து. வெளியிலிருந்து எழுதுபவர்களுக்கும் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் கூலி கொடுத்து உரிமையை வாங்கிக்கொள்கிறார்கள். இதில் இருவேறு நிலைகளை ஒரே பட்டியலில் காணலாம்: அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2023இல் மாரியோவின் மெட்டும், 2025இல் 'மைன்கிராஃப்ட்' ஆட்டத்தின் முதல் இசைத்தொகுப்பும் சேர்ந்தன. முன்னதை எழுதிய கொண்டோ பல பதிற்றாண்டுகள் நின்டெண்டோ ஊழியராகவே இருந்தவர். பின்னதை எழுதிய டேனியல் ரோசன்ஃபெல்ட் தன் இசையின் உரிமையை விட்டுக்கொடுக்காதவர். 2020 முதல் 'மைன்கிராஃப்ட்' ஆட்டத்தின் புதிய பகுதிகளுக்கு லீனா ரெய்ன் உள்ளிட்ட வேறு சிலர் இசையமைத்து வருகிறார்கள்.