இரண்டு நாள் திறக்கும் கதவு

லண்டனில் 1992இல் தொடங்கிய 'ஓப்பன் ஹவுஸ்' வழக்கத்தின்படி, செப்டெம்பரில் ஒருசில நாட்கள், மற்ற நேரங்களில் எமக்குப் பூட்டியிருக்கும் கட்டிடங்கள் இலவசமாகத் திறக்கப்படுகின்றன. காள்ற்றன் ஹவுஸ் ரெறஸிலுள்ள றோயல் சொசைற்றியும் இவ்வாறு திறந்துவிடப்பட்டதுண்டு. 1660இல் தோன்றிய விஞ்ஞானச் சங்கம் இது. நியூட்டன் தலைமை தாங்கியது.

எம்மவர் அங்கு போனால் முதலில் தேடுவது பெயர்களை. 1918இல் உறுப்பினரான இராமானுஜன், 1944இல் சந்திரசேகர், சிதம்பரத்தில் பிறந்து 2015 முதல் 2020 வரை தலைவராயிருந்த வெங்கி இராமகிருஷ்ணன். எவர் வாய்ச்சொல்லையும் அப்படியே ஏற்காதே என்று பொருள்படும் சங்கத்தின் இலத்தீன் வாசகத்தைக் கண்டால், வள்ளுவரையும் துணைக்கு அழைத்துக்கொள்வோம். இப்பெருமிதம் தவறென்பதல்ல. ஆனால் பெயர்களை எண்ணுவது வேறு, வரலாற்றைப் பார்ப்பது வேறு.

அந்த வாசகத்தை அக்கட்டிடத்தின் மீதே பிரயோகித்துப் பார்க்கலாம். விஞ்ஞானத்துக்கென்று கட்டப்பட்டதல்ல இது. ஜோன் நாஷ் திட்டமிட்ட, மேட்டுக்குடியினருக்கான மாளிகை வரிசை. இதன் ஒரு பகுதி 1939இல் யுத்தம் தொடங்கும்வரை ஜேர்மன் தூதரகமாக இருந்தது. 1936இல் ஹிட்லரின் தூதுவராக வந்த றிபென்ரொப், அல்பேட் ஸ்பியரைக் கொண்டு உள்ளறைகளை மாற்றியமைத்தார். றோயல் சொசைற்றி இங்கு குடிவந்தது 1967இல்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1933இல் நாஜிகள் யூதப் பேராசிரியர்களையும் அரசியல் எதிரிகளையும் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியபோது, அவர்களுக்கு உதவவென லண்டனில் ஒரு சபை அமைக்கப்பட்டது. ரதர்போட் அதன் தலைவர். அச்சபைக்கு இயங்க அறை கொடுத்தது, அப்போது பேர்லிங்ரன் ஹவுஸில் இருந்த இதே றோயல் சொசைற்றி. துரத்தப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்த சங்கம், துரத்தியவர்களின் தூதரகத்தில் இன்று குடியிருக்கிறது! அகதிக்கு இதைவிட உவப்பான கதை வேறென்ன இருக்க முடியும்?

உவப்பானது என்பதாலேயே இங்கு அவதானம் தேவை. இக்கதை சொல்லப்படும் இடங்களிலெல்லாம் நோபல் பரிசுகள் எண்ணப்படுகின்றன. 1933இல் இங்கு வந்த ஹான்ஸ் கிறெப்ஸுக்கு 1953இல் பரிசு, இப்படி. அப்படியானால் பரிசு எதுவும் பெறாத ஆய்வாளருக்கு என்ன பெறுமதி? ஆய்வாளரே அல்லாத தையற்காரருக்கு? அச்சபை கல்விமான்களுக்கென்றே அமைக்கப்பட்டது, அதைக் குறைசொல்வதற்கில்லை. அதன் கதையை பிரித்தானியா அகதிகளை நடத்திய முழுக்கதையாக ஆக்குவதுதான் குறை.

மக்ஸ் பெறூற்ஸ் 1936இல் வியன்னாவிலிருந்து கேம்பிறிட்ஜ் வந்தவர். 1940இல் பிரித்தானிய அரசு அவரை 'எதிரி நாட்டவர்' எனத் தடுத்துவைத்து, கனடாவுக்குக் கப்பலேற்றியது. 1954இல் அவர் றோயல் சொசைற்றி உறுப்பினர். 1962இல் நோபல் பரிசு. கப்பலேற்றப்பட்ட அன்றும் பரிசு பெற்ற அன்றும் அவர் ஒரே மனிதர்தான். மாறியது அவரை அளந்த அளவுகோல்.

இந்த அளவுகோலை இன்று எம் கைகளிலேயே வைத்திருக்கிறோம் என்பதுதான் எனது விமர்சனம். இந்நாடுகளுக்கு எத்தனை டொக்டர்களை, எத்தனை எஞ்சினியர்களைக் கொடுத்தோம் என்று விழா மேடைகளில் பட்டியலிடுகிறோம். உணவகத்தில் கோப்பை கழுவியவர், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவர், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டவர் எவரும் அப்பட்டியலில் இல்லை. பயன்படுபவருக்கே அடைக்கலம் என்று வாதிடுவோருக்கு இப்பட்டியலைவிட வசதியான சாட்சியம் கிடைக்காது. அடைக்கலம் ஒரு முதலீடல்ல, இலாபக்கணக்குக் காட்டுவதற்கு. அது உரிமை.

கதவு திறக்கும் நாளில் போகத்தான் வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிப் போகவேண்டும். இராமானுஜனின் பெயரைக் காட்டுவோம். கூடவே, பெறூற்ஸ் ஏன் கப்பலேற்றப்பட்டார் என்பதையும், அவரைப்போல் தடுத்துவைக்கப்பட்டுப் பின்னர் எந்தப் பரிசும் பெறாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதையும் சொல்வோம்.