கோட்டோடு போன பந்து

அமெரிக்கக் கால்பந்து என்றாலே தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதுவது என்று ஒதுக்கிவிடுபவர்கள் செம்பாக்கத்தில் எங்கள் தெருவிலும் உண்டு. அதன் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் நமக்கு வந்து சேருவதும் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முரட்டு ஆட்டத்துக்குள் நூல் பிடித்தாற்போல ஒரு நுட்பம் இருக்கிறது. பந்து கையை விட்டு எந்தப் பக்கம் கிளம்புகிறது என்பதுதான் அது.

முன்னோக்கி வீசுவது 1906-இல்தான் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. இன்றைக்கும் ஒரு நகர்வுக்கு ஒரே ஒரு முன்வீச்சுதான். அதையும் அந்த நகர்வு தொடங்கிய கோட்டுக்கு இப்பால் நின்றே வீச வேண்டும். பின்னோக்கி எத்தனை முறை வேண்டுமானாலும் கை மாற்றலாம். முன்வீச்சைப் பிடிக்க ஆளில்லாமல் பந்து தரையில் விழுந்தால் அந்த நகர்வு அங்கேயே முடிந்தது. பின்வீச்சு விழுந்தாலோ பந்துக்கு உயிர் போவதில்லை. எதிரியும் பாய்ந்து அள்ளலாம். சரி, முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் நேர் பக்கவாட்டில் போனால்? அதுவும் பின்வீச்சுக் கணக்குதான். என்ன தாராளம்!

2015 ஜனவரி 10 அன்று, பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து அணியின் டாம் பிரேடி, பக்கத்தில் நின்ற ஜூலியன் எடெல்மனுக்குப் பந்தைத் தட்டிவிட்டார். பார்த்தால் சாதாரணக் குட்டி வீச்சு. தடுப்பாளர்கள் எடெல்மனை மடக்க ஓடி வந்தார்கள். ஆனால் பிரேடி வீசியது பின்னோக்கி. எனவே அணியின் ஒரே முன்வீச்சு இன்னும் செலவாகாமல் எடெல்மன் கையில் இருந்தது. கல்லூரியில் பந்து வீசும் குவார்ட்டர்பேக்காக ஆடிய கை அது. தொலைவில் தனியே ஓடிக்கொண்டிருந்த டேனி அமெண்டோலாவுக்குப் போய்ச் சேர்ந்தது பந்து; மொத்தம் 51 கஜம். ஆட்டம் 28-28 என்று சமனானது. எனக்கு எடெல்மனின் நீள வீச்சைவிட பிரேடியின் அந்தக் குட்டி வீச்சுதான் பிடிக்கும். கொஞ்சம் முன்னால் போயிருந்தால் அடுத்த வீச்சே செல்லாது.

முன், பின் என்பதை யார் கண்ணால் அளப்பது? தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை நோக்கி ஓடும் மின்சார ரயிலுக்குள் ஒருவர் தாம்பரம் பக்கமாக ஒரு பந்தை மெல்லப் போடுகிறார். பெட்டியில் இருப்பவருக்கு அது பின்னால் போகிறது. சானடோரியம் நடைமேடையில் நிற்பவருக்கோ, ரயிலின் வேகத்தோடு அது குரோம்பேட்டை பக்கம்தான் போகிறது. ரக்பி நடுவர் பெட்டிக்குள் இருப்பவரின் கண்ணோடு பார்க்கிறார். அமெரிக்க நடுவருக்கு நடைமேடைக் கண்; தரையில் போட்ட கோடுதான் அவருக்குச் சாட்சி. ஓடிக்கொண்டே பின்னால் போடுபவர் இந்த ஆட்டத்தில் நன்றாகவே பின்னால் போட வேண்டும்.

அதனால்தான் 2000 ஜனவரி 8-இல் நாஷ்வில் நகரில் நடந்ததை இன்னும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். 16 விநாடி மிச்சமிருக்கும்போது பஃபலோ பில்ஸ் 16-15 என்று முந்திவிட்டது. அடுத்து அவர்கள் உதைத்த பந்தை டென்னசி டைட்டன்ஸின் லோரென்சோ நீல் பிடித்து ஃபிராங்க் வைசெக்கிடம் கொடுத்தார். வைசெக் வலப்பக்கம் நகர, பஃபலோ ஆட்கள் மொத்தமாக அவர் பின்னால் திரண்டார்கள். சட்டென்று திரும்பி, மைதானத்துக்குக் குறுக்கே இடப்பக்கம் வீசினார். 25 கஜக் கோட்டை ஒட்டியே போனது பந்து. கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பஃபலோவில் இன்றும் சண்டை. கெவின் டைசன் குனிந்து பிடித்து, ஆளில்லாத ஓரத்தில் 75 கஜம் ஓடினார். நடுவர் ஃபில் லக்கெட் காணொளியைப் பார்த்துவிட்டு, முன்வீச்சு என்று மாற்றச் சான்றில்லை என்றார். 22-16.

இதில் நான் ரசிப்பது டைசனின் நிலை. காயத்தால் வெளியே போனவருக்குப் பதிலாக வந்தவர்; அந்த வித்தையைப் பயிற்சியில் ஒத்திகை பார்த்தவரே இல்லை. வைசெக்குக்கு முன்னால் ஓர் அடி ஆவலாக ஓடியிருந்தால் போதும், எல்லாம் பாழ். ஓடவில்லை, நின்றார்.